குண்டுமல்லியை முழங்கால் உயரத்துக்கு வெட்டலாமா? பூக்காரர் வெட்டச் சொல்கிறார், மகள் கூடாது என்கிறாள்

பாலக்கோட்டு மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பாலக்கோட்டுக்குப் பக்கத்தில். பின்பக்கம் கிணற்று மேட்டிலிருந்து மாட்டுக் கொட்டகை வரைக்கும் ஒரு வரிசை குண்டுமல்லி இருக்கிறது. என் மாமியார் வைத்தது. அவர் இருந்தவரை அந்தச் செடிகளில் வேறு யாரும் கை வைத்ததில்லை. பூப்பறிப்பது, தண்ணீர் கட்டுவது, வெட்டுவது எல்லாம் அவர்தான். எந்த மாதம் வெட்டுவார், எவ்வளவு விட்டு வெட்டுவார் என்ற கணக்கெல்லாம் அவரோடு போய்விட்டது.

இப்போது செடிகள் என் இடுப்புக்கு மேல் வந்துவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கிறது. கையை உள்ளே விட்டால் வெறும் குச்சி. சாம்பல் நிறத்தில், விரல் தடிமனில், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு இலைகூட இல்லை. போன கோடையில் பூத்ததெல்லாம் வெளிச்சுற்றில்தான். மொட்டும் சிறுத்துவிட்டது. காம்பு இத்தனூண்டு, நாரில் வைத்து முடிச்சுப் போட்டால் நழுவுகிறது. ஒரு முழம் கட்டுவதற்குள் பொறுமை போய்விடுகிறது.

எங்கள் தெருவில் பூ எடுத்து ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்கு ஒரே வெட்டாக வெட்டிவிடுங்கம்மா, சித்திரையில் பாருங்க" என்றார். சரி என்று அன்று இரவு மகளிடம் போனில் சொன்னேன். அவள் எடின்பரோவில் இருக்கிறாள். அவள் வீட்டு வாசலில் ஹெதர் என்று ஒரு புதர்ச்செடி, குட்டையாக, ஊதாப் பூ பூப்பது. அதைப் பற்றி அங்கே எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்களாம்: பூ வாடியதும் பூத்த நுனியை மட்டும் வெட்டு, இலையில்லாத பழுப்புக் கட்டைக்குள் கத்தரியை விட்டால் செடி மறுபடி துளிர்க்கவே துளிர்க்காது. "அம்மா, உன் மல்லிக்குள்ளேயும் அதே பழுப்புக் கட்டைதான். முழங்காலுக்கு வெட்டினால் ஒரு இலைகூட மிஞ்சாது. பாட்டி வைத்த செடி, யோசித்துச் செய்" என்கிறாள்.

அவள் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. ஒன்றரை அடிக்குக் கீழே எங்கள் செடியில் உண்மையிலேயே ஒரு இலை கிடையாது. அந்தக் குச்சியிலிருந்து எப்படித் துளிர் வரும்? பூ போட்டு அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வெட்டலாம் என்றால் எப்போது, எப்படி?

பெண்ணையாத்துப் பூக்காரன்:

தாராளமாக வெட்டுங்கள் அம்மா. நான் காவேரிப்பட்டணம் பக்கம். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் மல்லிதான் சோறு போடுகிறது. ஆண்டுதோறும் கவாத்து செய்யாத மல்லித் தோட்டத்தைப் பெண்ணையாற்றின் இந்தக் கரையிலும் நீங்கள் பார்க்க முடியாது, அந்தக் கரையிலும் பார்க்க முடியாது.

காரணம் இதுதான். பழைய குச்சியில் மல்லி பூக்காது. புதிதாக ஓடும் துளிரின் நுனியில்தான் மொட்டு வரும். மூன்று மூன்றாக நிற்கும், நடுமொட்டு முதலில் விரியும், நீங்களே கவனித்திருப்பீர்கள். ஆகவே எத்தனை புதுத் துளிரோ அத்தனை பூ. வெட்டாமல் விட்டால் செடி தன் பலத்தையெல்லாம் பழைய கட்டையைத் தாங்குவதிலேயே செலவழிக்கும். நுனியில் நூல் மாதிரி ஒரு துளிர் விடும், அதில் உங்கள் நாரில் நிற்காத அந்தச் சின்ன மொட்டு வரும்.

இலை இல்லாத குச்சியில் துளிர் வருமா என்ற சந்தேகத்துக்கு யாரையும் நம்ப வேண்டாம். ஒரு குச்சியைப் பிடித்து, கணு இருக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் எதிரெதிராகச் சின்ன மேடு தட்டுப்படும், அரிசியில் பாதிகூட இருக்காது. அதுதான் கண். மேலே நுனி இருக்கும்வரை அது தூங்கும். நுனியை வெட்டிவிட்டால் கீழே இருப்பது விழித்துக்கொள்ளும். அப்புறம் நகத்தால் தோலை இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர்க்குச்சி. பழுப்பாக, பொடிப்பொடியாக வந்தால் செத்தது, அதை அடியோடு எடுத்துவிடுங்கள்.

எப்போது என்றால், வேளாண் பல்கலைக்கழகம் குண்டுமல்லிக்குச் சொல்வது நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உங்கள் தெருப் பூக்காரர் சொன்ன கார்த்திகையும் முழங்காலும் அதேதான். முல்லைக்கு இந்தக் கணக்கு வராது, அதற்கு ஜனவரி கடைசி. வரிசையில் முல்லைச் செடி எதாவது கலந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் நாள்காட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் வானத்தைப் பாருங்கள். நவம்பர் கடைசி நமக்குப் புயல் நேரம். 2024இல் பெஞ்சல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அரூரிலும் தப்பவில்லை. வெட்டிய காயத்தோடு அந்த மழையில் செடி நின்றால் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். வாரம் தள்ளினாலும் பரவாயில்லை, வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து வெட்டுங்கள்.

வெட்டும் முறை. சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். மழை பெய்தால் நம் கையில் இல்லை, பெய்யாவிட்டால் நீங்களாகக் கட்ட வேண்டாம். ஒரு தேங்காய் நார்க் கயிற்றால் செடியைச் சுற்றி வளைத்து, குச்சிகளையெல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். இதைச் செய்யாமல் ஒவ்வொரு குச்சியாகத் துரத்தினால் உயரம் கோணல்மாணலாகப் போகும், கையும் கிழியும். கட்டிய பிறகு ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே ஒரு கோடு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குச்சியையும் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். நன்றாகச் சாணை பிடித்த கவாத்துக் கத்தரி போதும். தடித்த கட்டைக்குச் சின்ன ரம்பம். தோட்டத்தில் நாங்கள் அரிவாளால் சீவிவிடுவோம், அது கை பழகினவர்களுக்கு. பழக்கமில்லாத கை ஓங்கினால் குச்சி பிளந்துவிடும், பிளந்த இடத்தில் தண்ணீர் தங்கி அழுகும்.

கயிற்றை அவிழ்த்த பிறகுதான் உண்மையான வேலை இருக்கிறது. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குனிந்து உட்கார்ந்து உள்ளே பாருங்கள். செத்தது, ஒன்றை ஒன்று உரசுவது, நடுவை நோக்கித் திரும்பி வளர்வது, தென்னந்துடைப்பக் குச்சி தடிமனில் இருப்பது, எல்லாம் போக வேண்டும். செடியின் நடுவில் வெயில் தரையைத் தொட வேண்டும். முடிவில் தலைகுனிந்து நிற்கிற மொட்டைக் குச்சிகளைப் பார்த்து வயிறு கலங்கும். கலங்கட்டும்.

வெட்டு வாயில் போர்டோ பசை தடவுங்கள். ஒரு வரிசைக்கு 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர் போதும். துத்தத்தை அரை லிட்டரில் தனியாகக் கரைத்து, சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் தனியாகக் கரைத்து, சுண்ணாம்பில் துத்தத்தை ஊற்றிக் கலக்குங்கள். இரும்புச் சட்டி, இரும்பு வாளி கூடாது. பிளாஸ்டிக் வாளியோ மண்சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். கலந்ததும் பளபளப்பான ஒரு கத்தி முனையை அதில் நனைத்து எடுங்கள். கத்தியில் செம்புச் சிவப்பு படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேருங்கள். படியாவிட்டால் பழைய துணியைக் குச்சியில் சுற்றித் தொட்டு வையுங்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் வீரியம் இல்லை.

அப்புறம் ஒரு அடி தள்ளி, வேர் அறுபடாமல் சுற்றிலும் இலேசாகக் கொத்திவிட்டு, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் போட்டுத் தண்ணீர் கட்டுங்கள். மாட்டுக் கொட்டகை பக்கத்திலேயே இருக்கிறதே, கவலை என்ன? ஆனால் மக்கியதாக இருக்க வேண்டும், பச்சைச் சாணம் வேண்டாம். ரசாயன உரம் போடுவதானால் ஒரு செடிக்கு வருஷத்துக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120 என்பது கணக்கு. பாதியைக் கவாத்து முடிந்ததும், மீதியை ஜூன், ஜூலையிலும் போடுங்கள்.

மார்கழியில் துளிர் தெரியும். மாசி பங்குனியில் பூ தொடங்கும். சித்திரை வைகாசியில் பறிக்க ஆள் தேடுவீர்கள்.

பர்கூர்க்காரன், இப்போது அபர்தீன்:

அம்மா, உங்கள் மகள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. அது இந்த ஊர்ச் செடிக்கு. நானும் ஸ்காட்லாந்தில்தான் இருக்கிறேன், என் வாசலிலும் அதே ஹெதர்.

இதில் கண் இருப்பது பச்சை இலை இருக்கும் பகுதியில்தான். இலையும் மல்லி இலை மாதிரி கிடையாது, செதில் மாதிரி, தண்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். கீழே கட்டை முதிர முதிர அங்கே துளிர்க்கும் திறன் போய்விடுகிறது. அதனால் ஆண்டுதோறும் பூ முடிந்தபின், காய்ந்த பூங்கதிருக்குக் கொஞ்சம் கீழே, பச்சை மிஞ்சும்படி வேலிக் கத்தரியால் மேலோட்டமாக வெட்டிவிடுவார்கள். இங்கே ஆகஸ்ட் செப்டம்பரில் மலையெல்லாம் ஊதாவாக இருக்கும். அப்படிக் கோடைக் கடைசியில் பூக்கும் வகையைக் குளிர் அதிகமான இடங்களில் மார்ச் ஏப்ரல் வரை விட்டுவைத்து வெட்டுகிறார்கள், காய்ந்த பூவே செடிக்குப் போர்வையாக இருக்கட்டும் என்று. குளிர்காலத்தில் பூக்கும் வகையும் இருக்கிறது, எரிக்கா என்பார்கள். அதைப் பூ முடிந்த கையோடு ஏப்ரலில் வெட்டிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அடுத்த பருவத்து மொட்டையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். மகள் வீட்டில் எந்த வகை என்று பூக்கும் மாதத்தை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

சில ஆண்டுகள் வெட்டாமல் விட்ட ஹெதர், நீங்கள் சொன்ன மல்லி மாதிரியே நடுவில் வெறும் கட்டையாகத் திறந்துகொள்ளும். அந்த நிலைக்கு வந்ததை வெட்டிச் சரிசெய்ய முடியாது. பிடுங்கிவிட்டுப் புதிது வைப்பார்கள். அல்லது அதே செடியைத் தோண்டி எடுத்து, இன்னும் ஆழமான குழியில் இறக்கி, பச்சை நுனிகள் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி குச்சிகளை மண்ணால் மூடிவிடுவார்கள். ஒவ்வொரு குச்சியும் தனியாக வேர் விடும், பிறகு பிரித்து நட்டுக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு வேடிக்கை. இங்கே மலைகளில் ஹெதரை வேண்டுமென்றே தீ வைத்து எரிக்கிறார்கள். குரௌஸ் என்று ஒரு காட்டுக்கோழி, இளம் துளிரைத் தின்று வாழ்வது. அதற்காகவும் ஆடுகளுக்காகவும் பகுதி பகுதியாக, குளிர்காலத்தில் எரிப்பது பழைய வழக்கம். எரிந்த அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர் வருகிறது. ஆனால் செடி இளசாக இருக்க வேண்டும். கிழடானபின் எரித்தால் அடியிலிருந்து வராது, விதையிலிருந்து முளைத்தால்தான் உண்டு. ஆக, தண்டின் வயசுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

உங்கள் மல்லிக்கு நான் கருத்துச் சொல்ல மாட்டேன். பர்கூரில் எங்கள் வீட்டில் இருந்தது மாமரம் மட்டும்தான்.

நல்லம்பள்ளி கொல்லைக்காரி:

பூக்கார அண்ணன் சொன்னது தோட்டத்துக்காரர் முறை. வீட்டுச் செடிக்கு அத்தனை கறார் வேண்டாம் என்பேன். எங்கள் வீட்டிலும் மல்லி இருக்கிறது, விற்பதற்கு இல்லை, சாமிக்கும் தலைக்கும்தான். நான் வரிசையில் பாதியைக் கார்த்திகையிலும் மீதியைத் தை பிறந்தும் வெட்டுகிறேன். முன்னால் வெட்டியது முன்னால் பூக்கும், பின்னால் வெட்டியது பின்னால். எல்லாம் ஒரே நாளில் குவிந்து கிலோக்கணக்கில் பூவை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் கொடுத்துத் தீர்க்க வேண்டியதில்லை. மார்கழிக்கும் பாதிச் செடியில் நாலு பூவாவது கிடைக்கும்.

இன்னொன்று. அக்கா, உங்கள் செடி மாமியார் காலத்தது. பல வருஷம் வெட்டாமல் விட்டதை ஒரேயடியாக முழங்காலுக்கு இறக்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை. மிகப் பழைய கட்டைகளில் மூன்றில் ஒன்றை மட்டும் இந்த வருஷம் அடியோடு எடுங்கள், மற்றதை இடுப்பிலிருந்து தொடை உயரத்துக்கு இறக்குங்கள். அடுத்த வருஷம் இன்னொரு பங்கு. நிழலும் போகாது, செடியும் அதிராது.

பெண்ணையாத்துப் பூக்காரன்:

நல்லம்பள்ளித் தங்கச்சி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய கட்டையைப் பங்கு போட்டு எடுப்பது நல்ல யோசனைதான், செடி நலிந்திருந்தால். இந்தம்மா செடி வெளியே பச்சைப் பசேலென்று இருக்கிறது என்கிறார். வேர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட செடி முழங்கால் வெட்டைத் தாங்கும். தொடை உயரத்தில் நிறுத்தினால் அடுத்த வருஷம் மறுபடி நெஞ்சுக்கு வந்துவிடும், பூப்பறிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும்.

பாதி இன்று, பாதி தையில் என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். மல்லியில் மொட்டு ஈ என்று ஒன்று இருக்கிறது. மொட்டின் அடி வீங்கி, வெள்ளைக்குப் பதில் ஊதா ஓடி, விரியாமலே உதிர்ந்தால் அதன் வேலை. புழு மொட்டுக்குள் தின்றுவிட்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். குளிர்காலத்தில் எல்லாச் செடியையும் ஒன்றாக வெட்டி, மண்ணைக் கிளறிவிட்டால் அதற்கு உட்கார இடமில்லை. பாதிச் செடியில் மொட்டு இருந்தால் அதிலேயே பிழைத்துக் கிடந்து மாசியில் புதுத் துளிருக்குத் தாவும். செம்பேனுக்கும் இதே கதை. நாலு செடி வைத்திருக்கும் வீட்டில் இது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஒரு நீள வரிசையில் தெரியும்.

மார்கழிப் பூவுக்கு ஆசைப்படாதீர்கள். அந்தக் குளிரில் மல்லி ஒழுங்காக மொட்டு வைக்காது, அதனால்தான் பொங்கல் சமயத்தில் கிலோ ஆயிரத்தைத் தாண்டி எங்கோ போய் நிற்கிறது. அந்த விலைக்காகச் சிலர் புரட்டாசியிலேயே வெட்டிப் பார்க்கிறார்கள். கிடைத்தால் கொள்ளை, கிடைக்காவிட்டால் கோடைப் பூவும் சேர்ந்து கெடும். சூதாட்டம் அது. மார்கழிச் சாமிக்குச் சாமந்தி இருக்கிறதே. தொப்பூர்ப் பக்கமே மஞ்சளாக இருக்குமே.

பாலக்கோட்டு மருமகள்:

அனைவருக்கும் நன்றி. அண்ணா சொன்னபடி இன்று காலையில் கணுவைத் தடவிப் பார்த்தேன், மேடு இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பெரும்பாலும் பச்சைதான். கொட்டகைப் பக்கம் இருக்கும் செடிகளில் மட்டும் சில குச்சிகள் பொடியாக உதிர்கின்றன. படம் எடுத்து மகளுக்கும் அனுப்பினேன். "சரி, உன் செடி, உன் இஷ்டம்" என்று பதில். கோபமா சம்மதமா தெரியவில்லை.

இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, கிணற்று மேட்டுக்குப் பக்கத்துச் செடியில் புது இலைகள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. கிணறு வற்றியபிறகு போர் தண்ணீர்தான் பாய்கிறது. அதையும் இப்போதே வெட்டலாமா? இரண்டு, மகள் போன முறை வந்தபோது ஓசூர் நர்சரியில் ஒரு ரோஸ்மேரி வாங்கித் தொட்டியில் வைத்துவிட்டுப் போனாள். அதுவும் கீழே கட்டையாகி மேலே மட்டும் பச்சையாக நிற்கிறது. மல்லியோடு சேர்த்து அதையும் குட்டையாக்கிவிடலாம் என்று இருக்கிறேன். மூன்று, வெட்டிய குச்சியை என்ன செய்வது? எரிக்க மனசு வரவில்லை.

ஓசூர் ரோஜாத் தொட்டி:

அம்மா, ரோஸ்மேரியைத் தொடாதீர்கள்! மல்லிக்குச் சொன்னது அதற்குப் பொருந்தாது. உங்கள் மகள் ஹெதருக்குச் சொன்ன விதி அப்படியே ரோஸ்மேரிக்குத்தான். இலையில்லாத கட்டைக்குள் வெட்டினால் அந்தக் கிளை பெரும்பாலும் போய்விடும். பச்சைப் பகுதிக்குள்ளேயே, மேலே மூன்றில் ஒரு பங்கு வரை, அடிக்கடி கிள்ளிக்கொண்டே இருங்கள், பக்கக் கிளை வரும். கிள்ளிய நுனியில் ஒரு சாண் நீளம் எடுத்து, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, ஈர மணலில் நிழலில் செருகி வையுங்கள். பழையது போனாலும் புதுச்செடி கையில் இருக்கும். தண்ணீர் குறைவாகத்தான் வேண்டும் அதற்கு. உங்கள் மழைக்காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள்.

மகள் அடுத்த முறை வரும்போது நர்சரியில் "ஹெதர்" என்று ஒன்றைக் காட்டினால் குழம்ப வேண்டாம். இங்கே அப்படி விற்பது கியூபியா, பாதை ஓரத்தில் வரிசையாக வைக்கும் குட்டைச்செடி, பொடி இலை, பொடி ஊதாப் பூ. ஸ்காட்லாந்து ஹெதருக்கும் அதற்கும் உறவே இல்லை. மருதாணி, மாதுளை குடும்பம் அது. மருதாணி மாதிரியே வெட்ட வெட்டத் தழையும். நான் தயங்காமல் பாதிக்கு இறக்குகிறேன். உண்மையான ஹெதர் நம் பக்கம் தாக்குப்பிடிக்காது. அதற்குப் புளிப்பான மண்ணும் குளிரும் வேண்டும். நம் போர் தண்ணீரைக் குடித்தால் முதல் கோடையிலேயே கதை முடியும்.

மஞ்சள் இலைக்கும் அந்தப் போர் தண்ணீர்தான் காரணமாக இருக்க வேண்டும். புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், உப்பும் சுண்ணாம்பும் ஏறிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். கரைசலில் எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிந்தால் துருப்பிடித்துப் படியாமல் நிற்கும். மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும்வரை. மழைத்தண்ணீர் பிடிக்க வழி இருந்தால் அந்தச் செடிக்கு அதை ஊற்றுங்கள். எதற்கும் ஒரு தடவை மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது. உங்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் பக்கம்தானே.

இந்தச் செடியை மட்டும் நல்லம்பள்ளி அக்கா சொன்ன மாதிரி மிதமாக வெட்டுங்கள். இலை தேறிய பிறகு அடுத்த வருஷம் முழு வெட்டு.

நல்லம்பள்ளி கொல்லைக்காரி:

பாருங்கள், ஒரு செடிக்காவது என் முறை உதவியது.

பெண்ணையாத்துப் பூக்காரன்:

ஓசூர் தம்பி சொன்னது சரி, மஞ்சள் செடியைத் தொடை உயரத்தோடு விடுங்கள். வெட்டும்போது அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகைப் பக்கம் பொடியாக உதிர்கிற குச்சிகளையும் அப்படியே, நல்ல செடிகளை முடித்துவிட்டு. ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தரியில் ஒட்டிய அழுக்கைத் துடைத்துவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் (70% ஆல்கஹால்) நனைத்த துணியால் துடையுங்கள், ஒன்றின் நோய் இன்னொன்றுக்குப் போவது குறையும். வெறும் சோப்புத் தண்ணீர் அதற்குப் போதாது. கொட்டகைச் செடியின் அடியில் ஈரம் தேங்குகிறதா என்றும் பாருங்கள். மாடு கழுவும் தண்ணீர் அங்கேதான் ஓடுகிறது என்றால் காரணம் அதுதான், ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள்.

குச்சிக்கு வருவோம். பூச்சியோ நோயோ இருந்ததை எரிக்கத்தான் வேண்டும், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். நல்ல குச்சியில் பென்சில் தடிமனில், நாலைந்து கணு இருக்கிற மாதிரி துண்டு போட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போக மணலும் செம்மண்ணும் கலந்து நடலாம். எது கீழ், எது மேல் என்று மறக்காமல் இருக்கக் கீழ் வெட்டைச் சாய்வாகவும் மேல் வெட்டை நேராகவும் போடுங்கள். எல்லாம் பிழைக்காது. பிழைப்பது போதும்.

நிச்சயமாகச் செடி வேண்டும் என்றால் பதியன் போடுங்கள். அதற்கு ஆனி ஆடிதான் காலம். ஆகவே இப்போது வெட்டும்போதே ஒவ்வொரு செடியிலும் தரையோடு தாழ்ந்து ஓடும் இளங்கிளை ஒன்றை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள். ஆனியில் அதைத் தரைக்கு வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே தோலை இலேசாகக் கீறி, அந்த இடத்தை மண்ணுக்குள் அமுக்கி மேலே ஒரு கல் வையுங்கள். மூன்று நாலு மாதத்தில் வேர் பிடித்துவிடும். தாய்ச்செடியிலிருந்து அறுத்து நடலாம். மாமியார் வைத்த அதே செடிதான் அது. செடிக்குச் செடி நாலடி இடம் விட்டு நடுங்கள்.

எந்தக் கிளையை விட்டீர்கள் என்று ஆனிக்குள் மறந்துபோகும், சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவையுங்கள்.